கயிறு பிடித்தவள் பெயர்

எனக்கு அறுபத்தெட்டு வயது. பெற்றது நாலு; தங்கச்சி கண்ணை மூடிய பிறகு அவள் பிள்ளைகள் ரெண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் இன்றைக்குத் தன் காலில் நிற்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறால் ஆலைக்கு வேலைக்குப் போனவள் என்றால், ‘பிள்ளைகளை யார் பார்த்தது?’ என்று கேட்கிறவர்கள் தூத்துக்குடியில் இன்னும் இருக்கிறார்கள். நான்தான் பார்த்தேன். இறாலையும் பார்த்தேன். கடைசியில் ஒரு கம்ப்யூட்டரையும் பார்த்தேன்.

என் பெயர் பிரகாசி. மூன்றாம் வகுப்பு வரை போனேன். பெயர் எழுதுவேன், பஸ் பலகை வாசிப்பேன். நீளமாக எழுத வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ஜெனிட்டா எழுதுகிறாள். கல்லூரியில் படிக்கிறவள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கித்தான் எழுதுவேன் என்கிறாள். எழுதட்டும். ஆனால் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் பிடித்துவிடுவேன்.

எழுதச் சொன்னது ஆலையில் புதிதாகச் சேர்ந்த பெண்கள். இப்போது ஒவ்வொரு மேசையிலும் கையளவு திரை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சின்னக் கயிற்றின் படம். “மத்த ஊரு ஆலையிலயும் இந்தப் படம் இருக்காமே, யாருக்கா வச்சது?” என்று பெருநாள் அன்று மாதா கோயில் வாசலில் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற காரியமா அது?

வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதில்லை. முதலில் இறால் தலை கிள்ளினேன். பிறகு தோல் உரித்தேன். விரல் தேறிய பிறகு தரம் பிரிக்கிற மேசைக்கு ஏற்றினார்கள். ஐஸுக்குள் கைவிட்டு அள்ளினால் எது எந்த அளவு, எது நைந்தது, எதில் கரும்புள்ளி விழுந்திருக்கிறது என்று விரல் சொல்லும். எல்லாப் பெண்களுக்கும் சொல்லும், எனக்கு மட்டும் இல்லை. கூடத்துக்கு மேற்பார்வையாக என்னைப் போட்டது நான் சத்தமாகப் பேசுவேன் என்பதற்காகத்தான்.

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கயிறு பிடிப்பது என்போம். என் மாமனார் முத்துக்குளித்தவர். என் அப்பா சங்கு குளித்தவர். கடலுக்குள் இறங்குகிறவன் ஒருத்தன், மேலே வள்ளத்தில் அவன் கயிற்றைப் பிடித்திருக்கிறவன் ஒருத்தன். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறதே, விடுவானா? ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு ஆள்.

அந்தப் பேச்சு எப்படியோ எங்களோடு ஆலைக்குள்ளும் வந்துவிட்டது. ஒருத்திக்குப் பால் கட்டிக்கொண்டு பிள்ளையைப் பார்க்க ஓடவேண்டும். ஒருத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருப்பார்கள். இறால் காத்திருக்காது, ஐஸ் கரைந்தால் சரக்கு போச்சு. “எக்கா, கொஞ்சம் கயிறு பிடி” என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிவிட்டுப் போவாள். இவள் ரெண்டு மேசையையும் பார்ப்பாள். அந்த மேசை வேலை அந்த மேசைக்காரி பெயரிலேயே போகும். நாளைக்கு அவள் இவளுக்குப் பிடிப்பாள். உப்பளத்துக் குடும்பத்துப் பெண்களும் சாயர்புரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்களும்கூட அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் வீட்டில் யாரும் கடலில் இறங்கியதில்லை.

எங்கள் தர மேலாளர் செல்வின் சாரும் சாயர்புரம்தான். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். சத்தம் போடத் தெரியாத மனுசர். யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டைப் பையிலிருந்து லேஞ்சித் துணியை எடுத்து உதறுவார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நிதானமாகத் துடைப்பார். தப்புச் செய்தவளுக்கு அதற்குள் வியர்த்துவிடும். கண்ணாடியைப் போட்ட பிறகு, “செல்லம்மா, கையுறை கிழிஞ்சிருக்கு. பாத்துக்கோங்க” என்பார். அவ்வளவுதான். அதற்கு நாலு வசவு வாங்கியிருக்கலாம் என்றிருக்கும். பதினெட்டு வயசுப் பிள்ளையையும் ‘வாங்க, போங்க’தான். கூடத்துக்குள் வருமுன் தன் பூட்சைத் தானே கழுவுவார். இன்னொன்று, யாரைப் பற்றியும் இங்கிலீசில் ஏதாவது எழுதுமுன் அந்த ஆளைக் கூப்பிட்டு, எழுதப்போவதைத் தமிழில் சொல்லிவிடுவார். “சொல்லாம எழுதுனா அது கோள்” என்பார்.

அவர்தான் ஒரு நாள் வைதேகியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்ரீவைகுண்டத்துப் பெண். கம்ப்யூட்டர் படித்தவள். மூக்கைப் பொத்தாமல் கூடத்துக்குள் வந்த முதல் ஆபீஸ்காரி. குளோரின் மருந்து வைத்திருந்த சின்ன அறையைக் காலிசெய்து, அதில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தாள். அதன் பெயர் பிளாக்செயின் என்றாள். எங்கள் பெண்கள் அதைச் செயின் ரூம் ஆக்கிவிட்டார்கள். “பிரகாசியக்காளுக்கு ஆலைல செயின் போட்டிருக்காவளாம், எத்தன பவுனாம்?” என்று கேலிவேறு.

அதைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு வந்தது. என் மணிக்கட்டு வீங்கிப்போய், மேசையில் நிற்க முடியாமல் இருந்த நேரம். மருந்து அறைச் சாவியும் ஆதியிலிருந்தே என்னிடம்தான்.

“இது கணக்குப் புஸ்தகமாம்மா?” என்று வைதேகியிடம் கேட்டேன்.

“ஆமாம்மா. ஆனா ஒண்ணு இல்ல. நம்ம ஆலைல ஒண்ணு, மத்த ஆலைகள்ல ஒவ்வொண்ணு, பரிசோதனைக் கூடத்துல ஒண்ணு, கப்பல் ஏஜென்ட்கிட்ட ஒண்ணு, வெளிநாட்டுல வாங்குறவங்ககிட்ட ஒண்ணு. எல்லாத்துலயும் ஒரே எழுத்துதான் இருக்கும். எந்த இறால், யார் தரம் பிரிச்சா, எப்ப ஃப்ரீசருக்குப் போச்சுன்னு நாம அனுப்புவோம். மத்தவங்க பாத்துச் சரின்னாத்தான் ஏறும். ஏறுனது அழியாது.”

“தப்பா ஏத்திட்டா?”

“தப்பும் அப்படியே இருக்கும். அதுக்குக் கீழ, அது தப்புன்னு இன்னொண்ணு எழுதலாம்.”

“சாமியாருகிட்ட போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணுனா ஆண்டவரே பாவத்த அழிச்சிருதாரு. உங்க மெசினு அவருக்கும் மேலயோ?”

பெருமாள் கோயில் தெருப் பெண் அவள். ஆனாலும் விளங்கிச் சிரித்தாள்.

அதை ஓட்டுகிற மென்பொருளை அவள் கிளையன்ட் என்பாள். எங்கள் ஆலையில் கிளையன்ட் என்றால் சரக்கு வாங்குகிற வெள்ளைக்காரர். “கிளையன்ட் தொங்கிடுச்சு, நான் பாத்துக்கிறேன்” என்று அவள் போனில் சொன்னதைக் கேட்டு எங்கள் கணக்குப்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டார்.

“இத யாருகிட்ட விலைக்கு வாங்குனிய?” என்றேன் இன்னொரு நாள்.

“வாங்கலம்மா. உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதி வச்சிருக்காங்க. எல்லாருக்கும் பொது. எப்படி எழுதியிருக்குன்னு யாரும் திறந்து பாக்கலாம், எடுத்துக்கலாம், இந்த இடம் சரியில்லன்னு சொல்லலாம், திருத்தியும் குடுக்கலாம்.”

“சும்மா குடுக்கிற சரக்குல என்ன புழு இருக்கோ?”

“அதுக்குத்தாம்மா திறந்தே வச்சிருக்கு. புழு இருக்கான்னு யாரும் கிளறிப் பாக்கலாம்ல?”

இது எனக்குப் பிடித்திருந்தது. மூடி வைத்த கூடையில் மீன் வாங்குகிறவள் எங்கள் கரையில் உண்டா?

வேலை என்னவென்று சொல்கிறேன். காலையில் போனதும் அறைக் கதவைத் திறந்து, உள்ளே காற்றை இழுக்கிற விசிறியின் வலைத்துணியைப் பார்க்கவேண்டும். துறைமுகக் காற்றில் உப்பு, உப்பளக் காற்றிலும் உப்பு. கம்பிக்கு அதுதான் எமன். துணி விறைத்திருந்தால் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, உதறிக் காயவைத்து, மாற்றுத் துணியைப் போடவேண்டும். பிறகு திரை. இடதுபக்கம் ஒரு எண் ஏறிக்கொண்டே இருக்கும். அது ஏறினால் சுகம். கீழே ஒரு சின்ன எண். நம்மோடு பேசிக்கொண்டிருக்கிற மற்ற கம்ப்யூட்டர்கள் எத்தனை என்பது. அதை நான் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பேன். பக்கத்து வீடு ஒன்றும் இல்லையென்று காட்டினால் நம் வயரில் கோளாறு. பக்கத்து வீடு இருந்தும் மேல் எண் ஏறாமல் நின்றால், சரி சொல்லவேண்டியவர்களில் மூன்றில் ரெண்டு பங்குக்கு மேல் சேர்ந்தால்தான் ஏறும், அத்தனை பேர் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். அப்போது நாம் எதையும் தொடக்கூடாது. வைதேகிக்குப் போன் பண்ணவேண்டும்.

கரண்டு போய் வந்தால் வரிசை உண்டு. முதலில் பேட்டரிப் பெட்டி. அது கூவி அடங்கட்டும். அடுத்தது இன்டர்நெட் பெட்டி. அதன் பச்சை விளக்கு மினுக்காமல் நிற்கட்டும். அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர். கடைசியில், விரல் நீளத்தில் ஒரு சாவிக்குச்சி. அதைச் செருகினால்தான் நம் ஆலை பெயரில் மெசின் கையெழுத்துப் போடும். அந்தக் குச்சியை நான் கழுத்தில் கிடக்கிற, மாதா படம் வைத்துத் தைத்த உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். வைதேகி பார்த்துவிட்டு, “ஐயோ, வேர்வை படும்மா!” என்று பதறினாள். பிறகு தானே ஒரு பிளாஸ்டிக் உறை தைத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு மழைக்காலத்தில் ஊரே வெள்ளக்காடானது. ஆலைக்கு நாலைந்து நாள் கரண்டு இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை நாளில் மற்றவர்கள் எழுதியது எல்லாம் நம் மெசினுக்குத் தெரியாமல் போய்விடுமே, நம் ஆலையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களே என்று. கரண்டு வந்ததும் வரிசைப்படி ஒவ்வொன்றாகப் போட்டுக் குச்சியைச் செருகினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். மேல் எண் ஓட ஆரம்பித்தது. நடையில்லை, ஓட்டம். வெளியூர் போய் வந்தவளுக்குத் தெருக்காரிகள் எல்லாரும் சேர்ந்து ஊர்க்கதை சொல்கிற மாதிரி, மற்ற மெசின்கள் எல்லாம் நம்முடையதுக்கு விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் நிற்கிற இடத்துக்கு வந்ததும் பழையபடி நிதானமாக ஏறியது. அன்றைக்குத்தான் அது எப்படிப்பட்ட சாமான் என்று எனக்குப் பிடிபட்டது. நம் மெசினை உடைத்துக் கடலில் போட்டாலும் எழுதினது போகாது.

அதன் பிறகு மேசைக்கு மேசை அட்டை வந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு அட்டை. மேசையில் அவள் அட்டையைச் செருகி வைத்தால், அங்கே பிரிக்கிற இறாலெல்லாம் அவள் பெயரில் ஏறும். எங்கள் பெண்களுக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கேயோ வெளிநாட்டில் இறால் பொட்டலத்தை வாங்குகிறவர் தூத்துக்குடி ரெக்சி, தூத்துக்குடி செல்வி என்று பார்க்கலாமே. ஆனால் கயிறு பிடிக்கிற பழக்கமும் நிற்கவில்லை. அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. செல்வின் சார் கண்ணுக்கும் படவில்லை.

இனி ரெக்சி விசயம்.

ரெக்சி மாசமாக இருந்தாள். லீவு போடப் பத்து நாள் பாக்கி. அன்றைக்கு எல்லா போட்டுக்கும் நல்ல மீன்பாடு. கூடம் முழுக்க இறால். நின்றுகொண்டிருந்தவள் அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ பிடித்து அனுப்பினோம். பக்கத்து மேசை செல்வி, “நீ போளா, நான் கயிறு பிடிக்கேன்” என்றாள். ஆட்டோவிலிருந்தே ரெக்சி கும்பிட்டாள். சாயங்காலம் வரை செல்வி ரெண்டு மேசைக்கும் நின்றாள். வேலை முடிகிற நேரத்துக்குப் பெண் குழந்தை என்று செய்தி வந்தது. கல்கண்டு வாங்கிக் கூடம் முழுக்கக் கொடுத்தோம்.

கொஞ்ச நாள் கழித்து, பேறுகாலச் சம்பளத்துக்குக் காகிதம் கொடுக்கக் குழந்தையோடு ரெக்சி ஆலைக்கு வந்தாள். செல்வின் சார் அவளையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுவிட்டு மறுபடியும் கழற்றித் துடைத்தார். அப்படி நான் பார்த்ததே இல்லை.

“ரெக்சி, பிள்ளை பிறந்த அன்னைக்கு நீங்க ஆஸ்பத்திரில இருந்தீங்களா, மேசைல இருந்தீங்களா?”

“என்ன சார் இப்படிக் கேக்கிய? ஒரே நேரத்துல ரெண்டு இடத்துலயும் இருக்க நான் என்ன அற்புதம் பண்ணுத அந்தோனியாரா?”

“செயின்ல நீங்க சாயங்காலம் வரைக்கும் தரம் பிரிச்சதா இருக்கு. அன்னைல இருந்தே உங்களுக்கு லீவுன்னு காகிதமும் அதுல ஏறியிருக்கு. வாங்குறவங்க ரெண்டையும் சேர்த்துப் பாத்துட்டாங்க.”

விதி என்னவென்று சொன்னார். ஒருத்தர் அட்டையில் பொய் ஏறியது என்று முடிவானால் அந்த அட்டை செல்லாது. எங்கள் ஆலையில் மட்டும் இல்லை. அந்தச் செயினில் சேர்ந்த எந்த ஆலையிலும் செல்லாது. கரையில் இருக்கிற நல்ல ஆலைகள் எல்லாமே அதில்தான் இருந்தன. ரெக்சிக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். அவள் புருசன் கடலுக்குப் போகிறவன். கடல் தரும், தராது. அவள் மடியில் கிடந்த குழந்தையின் துணியை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் கூடம் முழுக்க என்னைச் சூழ்ந்துகொண்டது.

“நீதானக்கா மெசினுக்குக் காவல். அந்த ஒரு வரிய அழிச்சிரு.”

“அழியாது.”

“அப்ப மெசின நிப்பாட்டிரு.”

“நம்ம மெசினு நின்னா மத்தவன் மெசினு நிக்குமா? வெள்ளத்துல பாத்தியல்லா, திரும்பப் போட்டதும் எல்லாத்தயும் கேட்டு எழுதிக்கிட்டு. நம்ம வீட்டு விளக்க அணைச்சா தெரு விளக்கு அணையுமாளா?”

முதலாளி வேறொரு வழி சொல்லியனுப்பினார். மெசின் கோளாறு என்று எழுதிவிடலாம். மெசினைப் பார்த்துக்கொள்கிற நான் ஆமாம் என்று என் அட்டையை மெசினில் வைத்தால் போதும், அது கையெழுத்து மாதிரி. பொய்தான். ஆனால் குழந்தை முகத்தைப் பார்த்தால் பொய் அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. வைதேகிக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.

“நிக்காதும்மா,” என்றாள். “எல்லா ஆலையிலயும் ஓடுறது இதே மென்பொருள்தான். உள்ளே என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கு மத்த மெசின் எல்லாம் ஒழுங்கா ஓடியிருக்கு. கோளாறுன்னு சொன்னா நாளைக்கே நாலு பேர் திறந்து பாத்துட்டு, கோளாறு இல்லன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் ரெக்சி சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க.”

எனக்கும் உள்ளுக்குள் ஒரு ரோசம். என் மெசின்மேல் எதற்குப் பழி? வெள்ளத்திலும் விடாமல் எழுந்து வந்த மெசின்.

அப்போது செல்வி முன்னால் வந்தாள். “என் பேரச் சொல்லிருங்கக்கா. ரெக்சிக்குத் தெரியாம அவ அட்டைய நான் எடுத்தேன்னு எழுதச் சொல்லுங்க. என் பிள்ளையள் எல்லாம் வளந்தாச்சு. நான் எங்கயாச்சும் பொழச்சிக்கிடுவேன்.”

ரெக்சி அவளை முறைத்தாள். “வாய மூடுளா. எனக்காக நின்னவளக் களவாணியாக்கிட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மேசைல நிப்பேன்?”

வைதேகி முன்பு சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தப்பு அப்படியே இருக்கும். அதற்குக் கீழே இன்னொன்று எழுதலாம். நடந்ததை நடந்தபடியே எழுதினால் என்ன? இங்கே கயிறு பிடிக்கிற பழக்கம் உண்டு, அன்றைக்கு ரெக்சி மேசையில் செல்வி நின்றாள், இறாலில் குறை இல்லை என்று. செல்வின் சாரிடம் சொன்னேன். விதி எழுதியிருந்த காகிதத்தை எடுத்து இன்னொரு தடவை வாசித்தார்.

“செய்யலாம் பிரகாசியம்மா. ஆனா, செல்வி மட்டும் சொன்னா அது செல்வி ரெக்சியக் காப்பாத்தச் சொன்ன மாதிரி இருக்கும். கூடத்துல எல்லாரும் அட்டை வச்சுச் சொல்லணும். வச்சா, எல்லாருமே எப்பவோ அடுத்தவங்க அட்டைல வேலை பாத்திருக்கோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி. விதிப்படி எல்லார் அட்டையும் போகலாம். அதையும் சொல்லிட்டுத்தான் எழுதுவேன்.”

சொல்லாமல் எழுதாத மனுசர் ஆயிற்றே. கூடத்துக்கு வந்து தானே சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நாங்கள் பேசிக்கொள்ளட்டும் என்று.

நான் முதலில் என் அட்டையை வைத்தேன். செல்வி வைத்தாள். இன்னும் ரெண்டு பேர். அதோடு நின்றுவிட்டது. தனம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உப்பளத்துக் குடும்பம், புருசன் இல்லாதவள், ரெண்டு பிள்ளை படிக்கிறது. “எக்கா, கோவிச்சுக்காத. ஒருத்தி போறதுக்கு எல்லாரும் போவமா? என் பிள்ளையளுக்கு நான் என்ன சொல்ல?”

அவள் கேட்டதில் என்ன தப்பு?  

அடுத்தது ரெக்சி அட்டை வைக்கவேண்டும். குழந்தை வீறிட்டு அழுதது. கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு அட்டையைச் செருக முடியவில்லை. திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்றது தனம். “எக்கா, கொஞ்சம் பிடி” என்று குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போய் அட்டை வைத்தாள். தனம் தோளில் போட்டுத் தட்டினாள். குழந்தை அவள் கழுத்தில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அடங்கிவிட்டது. தனம் அதைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

“நல்ல ஆளுகதான்,” என்றாள். “ஏளா செல்வி, இங்கன வா. இவளப் பிடி. என் அட்ட உள்ள இருக்கு.”

அதற்குப் பிறகு நிற்கவில்லை. கூடம் முழுக்க வரிசையில் வந்தது.

செயினில் சேர்ந்த எல்லாரும் கம்ப்யூட்டர் வழியாகக் கூட்டம் போட்டார்கள். செல்வின் சார் எங்களை நாற்காலியில் உட்காரவைத்து, தான் பின்னால் நின்றார். வைதேகி எங்களுக்காக இங்கிலீசில் சொன்னாள். வாங்குகிற கம்பெனியில் ஒரு அம்மா. கண்டிப்பான முகம், ஆனால் கெட்ட முகம் இல்லை. அவர் கேட்டதை வைதேகி தமிழில் சொன்னாள்: “இந்த இறாலைத் தின்னு ஒரு குழந்தைக்கு உடம்புக்கு ஆகாமப் போனா, நான் யாரைக் கேக்குறது? இல்லாத ரெக்சியையா?”

நியாயமான கேள்வி. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். நாங்கள் அதை யோசித்ததே இல்லை.

“செல்வியக் கேக்கணும்னு சொல்லும்மா,” என்றேன். “அவ பதில் சொல்லுவா. அவ பேரு அங்க இல்லாததுதான் குத்தம். அவ நின்னது குத்தமில்ல. கடல்ல எறங்குறவன் பேரத்தான் எல்லாரும் சொல்லுவாவ. மேல கயிறு பிடிச்சவன் விட்டா, எறங்குனவன் மேல வாரதே இல்ல. எங்களுக்கு ரெண்டு பேரும் சேந்துதான் ஒரு ஆளு. உங்க மெசினுல ஒரு பேருக்குத்தான் எடம் இருக்கு. ரெண்டு பேருக்கு எடம் போடச் சொல்லுங்க. அதுக்கப்புறம் எவளாவது மறச்சா, மொதல்ல என்னைய வெளிய அனுப்புங்க.”

வைதேகி சொல்லச் சொல்ல அந்த அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். கயிறு பிடிக்கிறவர்கள் நிஜமாகவே மச்சான்மார்தானா என்று. ஆமாம் என்றோம். அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ரெக்சியின் அட்டை இருக்கலாமா, வேண்டாமா என்று மெசின் வழியாகவே ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். மறுநாள் மத்தியானம் செயின் ரூமில் ரெக்சி, செல்வி, நான். எனக்கு இங்கிலீசு தெரியாது. எண் ஏறுவது தெரியும். ஏறிக்கொண்டே இருந்தது. அதில் எது எங்களுடையது என்று எப்படித் தெரியும்? போனில் வைதேகி இருந்தாள். “இன்னும் இல்லம்மா… இன்னும் இல்ல…” என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், “ஏறிடுச்சு!” என்று கத்தினாள். “ரெக்சி அட்டை நிக்குது. எல்லார் அட்டையும் நிக்குது. ஆனா, ரெண்டு பேருக்கு இடம் வர்ற வரைக்கும் யாரும் யாருக்கும் கயிறு பிடிக்கக் கூடாதாம்.”

“பிடிக்காம எப்படி? போறவ மேசை என்னாவுது?”

“மேசைய மூடணும்மா.”

கஷ்டப்பட்டோம். பால் கட்டின பெண்கள் மேசையை மூடிவிட்டு ஓடினார்கள். இறாலைப் பக்கத்து மேசைக்கு மாற்றினோம். வாசலில் செல்வின் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரையும் கண்டிக்கவில்லை. சும்மாதான் துடைத்தார்.

ரெண்டு பேருக்கு இடம் போடுகிற திருத்தத்தை எழுதியது வைதேகி. எழுதி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற அந்தப் பொது இடத்தில் வைத்தாள். எங்கெங்கோ இருக்கிறவர்கள், முகம் தெரியாதவர்கள், கிளறிப் பார்த்துக் குறை சொன்னார்கள். ஒருத்தியே ரெண்டு அட்டையையும் வைத்துக்கொண்டால்? என்று ஒருத்தர். கயிறு பிடிக்கிறவள் சம்மதித்தாளா என்று எப்படித் தெரியும்? என்று ஒருத்தர். வைதேகி எனக்குப் போன் பண்ணுவாள். நான் கூடத்தில் கேட்டுச் சொல்வேன். பிடிக்கிறவள் தன் அட்டையைத் தானே வைக்கவேண்டும், திரும்பி வந்தவள் ‘வந்துட்டேன்’ என்று வைக்கவேண்டும் என்று சொன்னது தனம். சிலது அவர்கள் சொன்னதே சரியாக இருந்தது, மாற்றினோம். மேசையை மூடிவிட்டால் போதாதா, எதற்கு இந்தச் சிக்கல் என்று ஒருத்தர் மட்டும் விடாமல் கேட்டார். “அவர ஒரு நாளு இங்கன வந்து ஐஸுக்குள்ள கைய வச்சுக்கிட்டு நிக்கச் சொல்லு. கரையுமா கரையாதான்னு பாக்கட்டும்” என்றேன். அதையும் அப்படியே எழுதிவிட்டாளாம். அவர்தான் கடைசியில் சரி என்று சேர்த்துக்கொண்டவர்.

மெசினில் ரெண்டாவது பெயர் ஏறுகிற அந்த இடத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு பேச்சு வந்தபோது, வைதேகி ‘கயிறு’ என்றே வைத்துவிட்டாள். இங்கிலீசு எழுத்தில், தமிழ்ச் சொல். எங்கேயோ இருக்கிறவர்கள் அதை வாயில் நுழையாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். திரையில் வருகிற படம் அதனால்தான். கேட்ட பிள்ளைகளுக்கு இதுதான் பதில்.

நான் வேலையை விட்டு நின்ற நாளில் சாவிக்குச்சியை உத்தரியத்திலிருந்து அவிழ்த்து ரெக்சி கையில் கொடுத்தேன். செயின் ரூம் இப்போது அவளிடம். அவள் லீவு போட்டால் செல்வி. விசிறித் துணியை மட்டும் ஒழுங்காக அலசுகிறார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். போனால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ரெக்சி மகள் பள்ளிக்கூடம் போகிறாள். தனத்தைக் கண்டால் இன்றைக்கும் இடுப்பில் ஏறிவிடுவாள்.

அவ்வளவுதான்.

ஏளா ஜெனிட்டா, எழுதிட்டியா? கடைசில என் பேரப் போடு. பிரகாசி. அதுக்குப் பக்கத்துல உன் பேரையும் போடு. என்ன சிரிக்க? நான் எறங்குனேன், நீதான பிடிச்ச. போட்டாச்சா? சரி, இப்ப மொதல்ல இருந்து வாசி. மெதுவா வாசி, நான் கேக்கேன்.